படுக்கையா, சிகிச்சையா, சாவியா? குடியிலிருந்து மீளும் வீடற்றவர்களுக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒரு இரவுக் காப்பகத்தின் கதவு மாலை 7 மணிக்கு மூடி, காலை 7 மணிக்குத் திறக்கிறது. உள்ளே மது கூடாது என்பது விதி. பல வருடங்களாகக் கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை குடித்துப் பழகிய ஒருவர் 6 மணிக்குக் கடைசியாகக் குடித்துவிட்டு வந்து படுக்கிறார். நள்ளிரவு தாண்டியதும் வியர்க்கிறது. 2 மணிக்கு வயிறு புரட்டுகிறது, கை நடுங்குகிறது. கதவு திறக்க இன்னும் 5 மணி நேரம் இருக்கிறது. குடி நின்ற 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம்வரை வலிப்பு வரக்கூடிய காலம். அவர் காவலாளியிடம் சண்டை போட்டு வெளியே போகிறார்; இல்லையென்றால் கழிப்பறைத் தரையில் விழுந்து கிடக்கிறார். பதிவேட்டில் "விதிகளுக்கு ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுகிறார்கள். அவர் உடல் ஒத்துழைக்கவில்லை என்பதுதான் நடந்தது.

வீடில்லாமல் குடிநோயோடு போராடுபவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று யோசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் கையில் இருக்கும் கட்டிடத்தில் இருந்து தொடங்குகின்றன. இவ்வளவு அறை, இவ்வளவு கட்டில், இவ்வளவு பணம் என்று கணக்கு போகிறது. கணக்கை மறுபக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். வரப்போகிறவர் குடியை நிறுத்தி எத்தனை மணி நேரம், எத்தனை நாள், எத்தனை மாதம் ஆகிறது, அல்லது இன்னும் நிறுத்தவே இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. ஒருவரைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு இன்னொருவரைக் கொல்லக்கூடும்.

முன்னால் இருப்பவை ஐந்து வழிகள்: இரவுக் காப்பகம், மருத்துவக் கண்காணிப்போடு குடியை நிறுத்தும் இடம், மதுவே இல்லாத கூட்டு வீடு, அளவு வைத்து மது கொடுக்கும் இல்லம், எந்த நிபந்தனையும் இல்லாமல் முதலிலேயே வீட்டுச் சாவியைக் கொடுப்பது.

இடம் தேடும் முன் கேட்க வேண்டியவை

நான்கு கேள்விகள் போதும். கடைசியாகக் குடித்தது எப்போது? காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறீர்களா? முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்போ, இல்லாதது கண்ணுக்குத் தெரிவதோ, ஆள் அடையாளம் தெரியாமல் போனதோ உண்டா? சமீபத்தில் தலையில் அடிபட்டதா?

மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை திடீரென நிறுத்தும்போதும் அடுத்த முறை மூளையின் எதிர்வினை இன்னும் கடுமையாகிறது. போன தடவை நடுக்கத்தோடு போனது இந்தத் தடவை வலிப்பாக வரலாம். வாரத்துக்கு இரண்டு இரவு காப்பகம், மற்ற இரவுகளில் தெரு என்று அலைபவருக்கு இந்தத் திடீர் நிறுத்தம் மாதத்தில் பல முறை நடக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மது வாசனை அடிப்பவர் தள்ளாடினால் போதை என்று முடிவு கட்டுவது எளிது. மண்டை ஓட்டுக்குள் மெதுவாக இரத்தம் கசிந்தாலும், இரத்தச் சர்க்கரை இறங்கினாலும் அதே தள்ளாட்டம்தான் வரும். தொடர்ந்து குடிப்பவர்கள் அடிக்கடி விழுகிறார்கள். கல்லீரல் கெட்டவர்களுக்கு இரத்தம் உறைவதும் தாமதமாகும். தூங்கட்டும் என்று விட்டவர் எழுப்ப எழுப்ப விழிக்கவில்லையென்றால் அது தூக்கம் என்று நம்பக் கூடாது. ஒரு விரல்நுனி சர்க்கரைக் கருவி எந்தக் காப்பகத்திலும் இருக்க வேண்டும்.

இரவுக் காப்பகம்: எளிதாகத் தொடங்கலாம், மீட்பு என்று சொல்ல முடியாது

மழை, குளிர், அடிதடி இவற்றிலிருந்து ஒரு இரவு தப்பிக்க இதைவிட வேகமான வழி கிடையாது. கூடம், கட்டில், கழிப்பறை, இரவில் விழித்திருக்கும் இரண்டு பேர். ஒருவர் மட்டும் போதாது. ஒருவருக்கு வலிப்பு வந்தால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், போன் செய்ய இன்னொருவர் வேண்டும்.

ஆனால் குடியை விட்டு பத்து நாள் ஆனவரையும் இப்போதுதான் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு வந்தவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தால், விட்டவர் நிலைப்பது கடினம். காலை 7 மணிக்கு எல்லாரும் வெளியேற வேண்டும் என்ற விதி இன்னொரு சிக்கல். குடியை விட்டவருக்கு நாளின் மிக ஆபத்தான நேரங்கள் செய்ய எதுவும் இல்லாத வெற்று நேரங்கள்தான். பன்னிரண்டு மணி நேரம் போக இடமில்லாதவர் பழைய கூட்டாளிகள் உட்காரும் இடத்துக்குத்தான் போவார். அவருக்குத் தெரிந்த மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதைத்தான் நடத்த முடியும் என்றால் சில மாற்றங்கள் செய்யலாம். மது குடித்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பாமல், நடத்தையைப் பார்த்து அனுமதிப்பது. வாசலில் பெயர் எழுதிய பெட்டியில் பாட்டிலை வாங்கி வைத்து, போகும்போது திருப்பிக் கொடுப்பது. இரண்டாவது பலருக்கு உறுத்தும். பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டினால் என்ன நடக்கும் என்பதை யோசித்தால் உறுத்தல் குறையும்: அடுத்த நாளிலிருந்து முழுப் பாட்டிலையும் வாசலிலேயே ஒரே மூச்சில் குடித்துவிட்டு வருவார்கள். அந்த மது முழுதாக இரத்தத்தில் ஏறும்போது அவர் உங்கள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பார்.

புதிதாக வந்தவரை முதல் ஐந்து நாள் மேல் கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் நீக்க முடிய வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடலே கதவை அடைத்துவிடும். போதையில் தூங்குபவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை கொடுக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும்.

மருத்துவக் கண்காணிப்போடு நிறுத்துவது: அவசியமான வாரம், ஆனால் ஒரு வாரம்தான்

டீடாக்ஸ் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் 5 முதல் 7 நாள். குளோர்டயசெபாக்சைடு போன்ற, நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தை அதிக அளவில் தொடங்கி நாளுக்கு நாள் குறைப்பார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் லோராசிபாம் போன்றதைத் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் அது உடலில் தேங்காது. நடுக்கம், வியர்வை, பதற்றம் என்று 10 அம்சங்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு அளவுகோல் உண்டு. மொத்தம் 67. 8-க்குக் கீழே லேசு, 15-க்கு மேலே கடுமை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து மருந்தைச் சரிசெய்வார்கள்.

இரண்டாம் நாள் தாண்டி நான்காம் நாள்வரை, அதாவது 48 முதல் 96 மணி நேரத்துக்குள், டெலிரியம் ட்ரெமன்ஸ் வரலாம். இடம், நேரம் தெரியாமல் போகும், காய்ச்சல் ஏறும், இதயம் படபடக்கும், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். முதல் நாள் அமைதியாகப் போனதைப் பார்த்து "தாண்டிவிட்டார்" என்று நிம்மதி அடைவது ஆபத்து.

தையமின் இன்னொரு முக்கியமான விஷயம். நீண்ட காலம் குடித்து, சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு இந்த வைட்டமின் தீர்ந்து போயிருக்கும், குடலும் அதைச் சரியாக உறிஞ்சாது. அதனால் முதல் சில நாள் ஊசியாகத்தான் போட வேண்டும். குளுகோஸ் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்போ கூடவோ போட வேண்டும். தவறினால் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு என்று தொடங்கி நிரந்தர மறதியில் முடியலாம். பல நாள் பட்டினியாக இருந்தவருக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுப்பதும் தவறு. இரத்தத்தில் பாஸ்பேட் திடீரென இறங்கி இதயம் பாதிக்கப்படலாம். சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

இதைத் தன்னார்வலர்களை வைத்துச் சொந்தக் கட்டிடத்தில் செய்யலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வேண்டாம். இரவு முழுதும் செவிலியர், அழைத்தால் வரும் மருத்துவர், ஊசி போடும் வசதி இவை இல்லாமல் கடுமையான குடிநோயாளியை நிறுத்த வைப்பது சூதாட்டம். மாத்திரையைக் கையில் கொடுத்துத் தெருவுக்கு அனுப்புவது இன்னும் மோசம். அந்த மருந்தின் மேல் மது போனால் மூச்சு நின்றுவிடலாம். அருகில் உள்ள மருத்துவமனையோடு எழுத்தில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, உங்கள் பணத்தை அதற்கு அடுத்த கட்டத்தில் போடுவது நல்லது.

ஏனென்றால் டீடாக்ஸின் உண்மையான பலவீனம் எட்டாம் நாள் காலை. உடல் சுத்தமாகிவிட்டது, தாங்கும் சக்தி குறைந்துவிட்டது, போக இடமில்லை. வெள்ளிக்கிழமை மாலை டிஸ்சார்ஜ், கூட்டு வீட்டில் இடம் திங்கட்கிழமை என்றால் அந்த மூன்று இரவுகளில் எல்லாம் பாழாகும். படுக்கை உறுதியான பிறகு டீடாக்ஸ் தேதியைக் குறிக்க வேண்டும், முன்பு அல்ல. மருத்துவமனை வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை ஒருவர் கூடவே போக வேண்டும்.

மதுவற்ற கூட்டு வீடு: விட்டவர்களுக்கு மிகப் பெரிய பலம், சறுக்கியவர்களுக்கு மூடிய கதவு

விட்டு ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆனவர், விடவே வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர் என்றால் எங்கள் தேர்வு இதுதான். 6 முதல் 10 பேர், ஒரு சமையலறை, சொந்தச் சாவி, வாரம் ஒரு கூட்டம்.

இந்த வகையில் நன்றாக ஆராயப்பட்டது அமெரிக்காவில் 1975-இல் மேரிலாந்தில் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ். சம்பளத்துக்கு வார்டன் யாரும் இல்லை. குடியிருப்பவர்களே வாக்களித்து நடத்துகிறார்கள், வாடகையைப் பகிர்ந்து கட்டுகிறார்கள், மறுபடி குடித்தவரை உடனே வெளியேற்றுகிறார்கள். புதியவரைச் சேர்க்க 80 சதவீதத்தினரின் ஒப்புதல் வேண்டும். 150 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், சிகிச்சை முடிந்து இந்த வீடுகளுக்குப் போனவர்களில் 24 மாதம் கழித்து மது அல்லது போதைப்பொருள் பயன்படுத்தியவர்கள் சுமார் 31 சதவீதம். வழக்கமான பின்தொடர்தலோடு விடப்பட்டவர்களில் அது சுமார் 65 சதவீதம். பிரமாதமான மருந்து எதுவும் அங்கே இல்லை. கூட இருப்பவர்களும் குடிக்காதவர்கள், வீட்டுக்கு வாடகை தன் கையிலிருந்து போகிறது, மாலையில் போக ஒரு இடம் இருக்கிறது. வேலை செய்வது இதுதான்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை நிறைய. வீட்டில் மது இல்லை என்று சொல்பவர்கள் கைகழுவும் சானிடைசரை மறந்துவிடுகிறார்கள். அதில் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கும். வாய் கொப்பளிக்கும் திரவம், சில இருமல் மருந்துகள், கண்ணாடி துடைக்கும் திரவம் எல்லாவற்றையும் லேபிள் பார்த்து மாற்ற வேண்டும். மூச்சில் மது இருக்கிறதா என்று காட்டும் கருவி வைத்துச் சோதிப்பதாக இருந்தால் வாய் கொப்பளித்த 15 நிமிடம் கழித்துத்தான் ஊத வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவி ஒருவர் மாட்டிக்கொள்வார். இன்னொரு நுணுக்கம்: கருவி பூஜ்யம் காட்டினால் ஆபத்து இல்லை என்று பொருளில்லை. நிறையக் குடித்துப் பழகிய உடலில் மது இன்னும் இரத்தத்தில் இருக்கும்போதே நடுக்கம் தொடங்கிவிடும், எண் இறங்க இறங்க அபாயம் ஏறும்.

தூக்கம் பல வாரம், சிலருக்குப் பல மாதம் கெட்டுக் கிடக்கும். "ராத்திரி ஒரு கிளாஸ் போட்டால் தூங்கிவிடலாம்" என்ற எண்ணம்தான் பலரைத் திரும்ப இழுக்கிறது. அதனால் இரவு 2 மணிக்கு விளக்கைப் போட்டு உட்காரவும், ஏதாவது சூடாகக் குடிக்கவும், யாரோடாவது பேசவும் ஒரு அறை வேண்டும். "10 மணிக்கு எல்லா விளக்கும் அணைய வேண்டும்" என்ற விதி விடுதிக்குச் சரி, இந்த வீட்டுக்குச் சரியில்லை. தூக்க மாத்திரை கொடுத்துச் சரிசெய்வது ஒரு பழக்கத்தை இன்னொன்றால் மாற்றுவதாக முடியும்.

சம்பள நாளுக்குத் தனித் திட்டம் வேண்டும். கையில் பணம் விழும் மாலைதான் சறுக்கும் மாலை. வாடகையை அன்றே கட்டுவது, கொஞ்சம் பணத்தை வீட்டுப் பொருளாளரிடமோ வங்கியிலோ போடுவது, வீட்டுக்கு வரும் வழியில் ஒருவர் கூட வருவது என்று முன்பே பேசி வைத்தால் போதும். ஆனால் நிர்வாகி முழுச் சம்பளத்தையும் வாங்கி வைத்துக்கொள்வது வேறு விஷயம். அங்கே இந்த ஏற்பாடு கெட்டுப்போகத் தொடங்குகிறது.

எங்கே கெடுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பூட்டிய கதவு, போன் பேசத் தடை, "சிகிச்சை" என்ற பெயரில் கூலியில்லா வேலை, அடி, மொட்டை அடிப்பது, மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்துவது. இதில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்துக்கு யாரையும் அனுப்பக் கூடாது. குடிநோயாளி பொய் சொல்வான் என்ற பொதுப் பேச்சு அவர்களின் புகாரைக் காதில் வாங்காமல் இருக்க வசதியாகிவிடுகிறது. சேர்ப்பதற்கு முன் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். குடியிருப்பவரிடம் நிர்வாகி இல்லாமல் பத்து நிமிடம் தனியாகப் பேச அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலே போதும்.

மருந்து விஷயத்தில் வீடு தடையாக இருக்கக் கூடாது. நால்ட்ரெக்ஸோன் தினம் ஒரு 50 மில்லிகிராம் மாத்திரை. ஏக்கத்தைக் குறைக்கும், ஆனால் ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவருக்கு ஆகாது. குடிக்காமல் நிலைக்க உதவும் அகாம்ப்ரோசேட் நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை. கல்லீரல் கெட்டவருக்கும் பொருந்தும், சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். நாளுக்கு ஆறு மாத்திரையைத் தெருவில் இருப்பவர் பாதுகாத்து வைப்பது கடினம். பூட்டும் பெட்டி உள்ள வீட்டில் முடியும். குடித்தால் உடலைப் புரட்டிப்போடும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் கடைசிக் குடிக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கலாம், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை மதுவோடு எதிர்வினை வரும். இதய நோய் உள்ளவருக்கு ஆபத்து. சம்மதம் இல்லாமல் உணவில் கலந்து கொடுப்பது குற்றம் மட்டுமில்லை, அவர் தெரியாமல் குடிக்கும் நாளில் உயிரையே எடுக்கலாம்.

இப்போது கடினமான பகுதி. கூட்டு வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு வந்தால் மற்ற ஏழு பேரின் மீட்பும் ஆட்டம் காணும். அவரை வைத்துக்கொள்ள முடியாது என்பது உண்மை. ஆனால் ஆறு வாரம் குடிக்காமல் இருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. பழைய கணக்கிலேயே குடித்து, அந்த நிலையில் இரவு 11 மணிக்குத் தெருவில் விடப்பட்டால் காலையில் அவர் உயிரோடு இருப்பாரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வீட்டைவிட்டு அனுப்பலாம், தெருவுக்கு அனுப்பக் கூடாது. இந்த ஒன்றுக்குத் தீர்வு இல்லாமல் கூட்டு வீட்டைத் தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து.

அளவு வைத்து மது கொடுக்கும் இல்லம்: கேட்கும்போது அதிர்ச்சி, சிலருக்கு ஒரே வழி

பத்து, பதினைந்து முறை டீடாக்ஸ் போய் வந்தவர், வயதானவர், இனி விடுவேன் என்று சொல்வதையே நிறுத்திவிட்டவர், காசில்லாதபோது சானிடைசரும் ஸ்பிரிட்டும் குடிப்பவர். இவரை மதுவற்ற வீடு ஏற்காது, காப்பகம் தினமும் வெளியே தள்ளும். இவருக்காக வந்ததுதான் இந்த முறை.

கனடாவின் ஒட்டாவாவில் 2000-களின் தொடக்கத்தில் இப்படி ஒரு இல்லம் தொடங்கியது. காலை 7 மணிமுதல் இரவு 10 மணிவரை, கேட்டால் மணிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 மில்லி வைன் அல்லது 90 மில்லி ஷெர்ரி. 17 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியான ஆய்வில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போவது 36 சதவீதமும், போலீஸோடு ஏற்படும் சந்திப்புகள் 51 சதவீதமும் குறைந்திருந்தன. 17 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அதை மறக்காமல் படிக்க வேண்டும்.

வேலை எப்படி நடக்கிறதென்றால், உடலில் மது ஓரளவு ஒரே அளவில் நிற்பதால் வலிப்பு அபாயமும் குறையும், அளவு மீறிய போதையும் குறையும். அடுத்த வேளை நிச்சயம் என்று தெரிந்தவர் திருடவோ, கிடைத்ததையெல்லாம் குடிக்கவோ போவது குறையும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் நடை, பேச்சு, விழிப்பு மூன்றையும் ஊழியர் பார்க்க வேண்டும். தூங்கி வழிந்தால் அந்த வேளை கிடையாது. அளவுக் குவளையில் அளந்து ஊற்ற வேண்டும், கண்ணளவு ஆகாது. அலமாரிச் சாவி ஒருவரிடம், கையெழுத்து இருவருடையது.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். முதலாவது, உள்ளே வாங்கிக்கொண்டு வெளியிலும் போய்க் குடித்தால் மொத்த அளவு ஏறும், கல்லீரல் வேகமாகச் சரியும். மருத்துவர் கல்லீரல் பரிசோதனையைத் தொடர்ந்து செய்ய வேண்டும். இரண்டாவது, ஊழியர்கள் மனதளவில் கைவிட்டுவிடுவது. "இவர்களுக்கு இதுதான்" என்று ஆகிவிட்டால், ஒருநாள் ஒருவர் "குறைத்துப் பார்க்கலாமா" என்று மெல்லக் கேட்கும்போது அது யார் காதிலும் விழாமல் போகும். அந்தக் கேள்வி வரும், எதிர்பாராத ஆளிடமிருந்து வரும். அன்றைக்கே ஒரு வேளையில் 20 மில்லி குறைத்துப் பார்க்கும் ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும்.

சட்ட அனுமதியும் மருத்துவர் பொறுப்பும் இல்லாமல் இதைத் தொடங்க முடியாது. சிறு குழு ஒன்றின் முதல் முயற்சியாக இது இருக்கக் கூடாது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு வடிவம் உண்டு: மது கொடுப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை, தன் அறையில் குடித்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் சியாட்டிலில் 2005-இல் திறந்த 1811 ஈஸ்ட்லேக் என்ற கட்டிடத்தில் கடுமையான குடிநோயாளிகளுக்கு 75 அறைகள். குடியை விடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2009-இல் வெளியான ஆய்வில், அங்கே குடியேறியவர்கள் சொன்ன நாளாந்தக் குடியின் நடு அளவு 15.7 டிரிங்க்கிலிருந்து (டிரிங்க் என்பது மதுவை எண்ணும் ஒரு நிலையான அளவு) ஓராண்டில் 10.6 ஆகக் குறைந்திருந்தது. 10.6 இன்னும் மிக அதிகம். ஆனால் கதவைத் திறந்துவிட்டால் இன்னும் அதிகமாகக் குடிப்பார்கள் என்ற பயம் உண்மையாகவில்லை.

முதலில் சாவி

1992-இல் நியூயார்க்கில் சாம் ட்செம்பெரிஸ் தொடங்கிய அமைப்பு வரிசையைத் தலைகீழாக்கியது. குடியை விட்டால் வீடு என்பதற்குப் பதிலாக, வீடு முதலில், மற்றது அவர் விருப்பப்படி. வருமானத்தில் 30 சதவீதம் வாடகை, ஊழியர் வந்து பார்ப்பதற்குச் சம்மதம், அவ்வளவுதான் நிபந்தனை. கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து இதைச் சோதித்தது. கடைசி ஆறு மாதம் முழுவதும் வீட்டிலேயே இருந்தவர்கள் இந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான சேவைகளில் 31 சதவீதம்.

வீட்டில் நிலைக்க வைப்பதில் மற்ற நான்கும் இதன் அருகில் வராது. ஆனால் குடி குறைந்ததா என்று பார்த்தால் இந்த ஆய்வில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாவி குடியைக் குணப்படுத்தாது. குணமாவதற்கு உயிரோடும் ஒரு முகவரியோடும் இருக்க வைக்கிறது.

செலவு கட்டிடத்தில் குறையும், ஆட்களில் கூடும். சிக்கலான நிலையில் இருப்பவர்கள் என்றால் ஒரு ஊழியருக்கு 10 பேர், ஓரளவு சமாளிப்பவர்கள் என்றால் 15 முதல் 20 பேர். இதைத் தாண்டி ஒருவரிடம் 40 பேரைக் கொடுத்தால் வீடு கொடுத்தோம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

முதல் மாதத்தில் நடப்பவை எதிர்பார்க்கக் கூடியவை. பலர் கட்டில் இருந்தும் தரையில், கதவைப் பார்த்தபடி படுப்பார்கள். தனிமை அடிக்கும். தெருவில் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்குவார்கள். மூன்றாம் வாரத்தில் வீடு அவர்களுடையதாகி, இவர் மூலையில் கிடப்பார். "உள்ளே விடாதே" என்று அறிவுரை சொல்வது பயனில்லை, குளிரில் தன்னோடு போர்வையைப் பகிர்ந்தவனைத் திருப்பி அனுப்ப யாருக்கும் வாய் வராது. "இரவு விருந்தாளி கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது, மீறினால் என் வீடு போகும்" என்று சொல்லக் காகிதத்தில் ஒரு வரி இருந்தால் அவருக்கு அது உதவும். கதவில் பார்க்கும் துளை, புகை எச்சரிக்கைக் கருவி, வாடகை நேராக வீட்டுக்காரருக்குப் போகும் ஏற்பாடு மூன்றும் முதல் நாளே வேண்டும். சிகரெட்டோடு தூங்கிப்போவது இந்த வீடுகளின் பெரிய அபாயம்.

எதைத் தொடங்குவது

கையில் ஒரே ஒரு வீடும் நான்கைந்து ஆட்களும் உள்ள குழு என்றால்: 8 பேருக்கு மதுவற்ற கூட்டு வீடு, அதோடு வேறு தெருவில் இரண்டு கட்டில் போட்ட ஒரு தனி அறை. சறுக்கியவர் அன்றிரவு அங்கே போவார். அந்த அறையில் குடித்த நிலையிலும் இருக்கலாம், ஆனால் அங்கே யாராவது விழித்திருப்பார்கள். நடுக்கம் கடுமையானால் அங்கிருந்து மருத்துவமனை, லேசானால் மூன்று நாள் கழித்துத் திரும்பி வருவது பற்றி வீட்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. 10 படுக்கைக்குப் பணம் இருந்தால் 8-ஐ வீட்டுக்கும் 2-ஐ இந்த அறைக்கும் ஒதுக்குங்கள். அந்த இரண்டு பல இரவு காலியாகக் கிடக்கும். காலியாக இருக்கிறதே என்று புதியவரை அங்கே சேர்த்துவிட்டால் ஏற்பாடு குலைந்துவிடும்.

ஏற்கெனவே இரவுக் காப்பகம் நடத்துபவர்கள் புதிய கட்டிடம் தேட வேண்டாம். பகலில் திறந்திருக்கும் ஒரு அறையும் மருத்துவமனை ஒப்பந்தமும் போதும், பாதி சேதம் குறையும். பல வீட்டுக்காரர்களோடு பழக்கமும் வாடகைக்கு நிலையான நிதியும் உள்ள அமைப்பு நேராகச் சாவிக்குப் போகலாம். மருத்துவக் குழு கூடவே இருந்தால் மட்டும் அளவு வைத்துக் கொடுக்கும் இல்லம்.

பெண்களுக்குத் தனி இடம் வேண்டும், அதே கட்டிடத்தின் வேறு மாடி போதாது. தெருவில் அடித்தவனும் கூடக் குடித்தவனும் ஒரே ஆளாக இருப்பது சாதாரணம். அவன் வாசலில் வந்து கேட்கும்போது "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்லப் பழகிய ஊழியர்கள் வேண்டும்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் சேரும் நாளில், அவர் தெளிவாக இருக்கும்போது, ஒரு பக்கக் காகிதம் எழுத வேண்டும். குடித்துவிட்டால் அன்றிரவு எங்கே படுப்பேன். யாருக்குப் போன் செய்ய வேண்டும். என் மருந்து யாரிடம் இருக்கும். என் பையும் அடையாள அட்டையும் எந்தப் பெட்டியில், எத்தனை நாள்வரை பத்திரமாக இருக்கும். எப்போது திரும்பி வந்து கேட்கலாம். இரண்டு பிரதி, இரண்டு கையெழுத்து. அவர் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள், சட்டைப் பையில் நனையாமல் இருக்கும்.